மாமா கொண்டுவந்த வெள்ளம்

என் தாய்மாமா ஒருமுறை காவிரியில் வெள்ளம் வரவழைத்தார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு வாளி வண்டல், கொஞ்சம் சாணி, வெள்ளையடித்துத் தேய்ந்துபோன ஒரு சுண்ணாம்பு மட்டை.

அப்போது எங்கள் வீடு திருச்சியில், காவிரியின் தென்கரையில், ஓடத்துறைக்குச் சற்று மேற்கே இருந்தது. வீடு என்றால் மண்சுவரும் நாட்டு ஓடும்தான். எங்களைப் போல ஒரு வரிசைக் குடும்பங்கள் அங்கே இருந்தன, நிலம் சர்க்காருடையது. வாசலில் நின்றால் எதிர்க்கரையில் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் தெரியும். அம்மா உலையை அடுப்பில் ஏற்றிவிட்டு ஆற்றில் போய்க் குளித்து, ஈரத்துணியோடு திரும்பி வந்துதான் அரிசி களைந்து போடுவாள். அவ்வளவு பக்கம். இன்றுவரை எத்தனையோ ஊர்த் தண்ணீரில் குளித்தாயிற்று. அந்தக் குளியலுக்கு உடம்பு இன்னும் ஏங்கத்தான் செய்கிறது.

வாழைக்காய் மண்டியில் தார் சுமந்துகொண்டிருந்த அப்பா ஒருநாள் நல்ல சேதியோடு வந்தார். அதே இடத்தில் சர்க்கார் எங்களுக்குக் காரை வீடு கட்டித்தரப் போகிறதாம், கவுன்சிலரே சொன்னாராம். அன்று முதல் அம்மா கட்டாத வீட்டில் குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டாள். அடுப்படி ஜன்னல் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் சண்டைகூடப் போட்டாள், ஏதோ அவர்தான் கொத்தனார் என்பதுபோல.

இதற்கு நடுவில் ஒரு துணிக்கடை முதலாளியின் கண் எங்கள் கரைமேல் விழுந்தது. ஆற்றைப் பார்த்த அறைகளோடு பெரிய லாட்ஜ் ஒன்று கட்ட அவருக்கு ஆசை. நிலத்தைத் தனக்கு விடச்சொல்லி மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் எங்கள் வரிசையே கலங்கிப்போனது. மாமா மட்டும் பல் குத்திக்கொண்டே, பணக்காரனுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்றார்.

மாமா அம்மாவின் தம்பி, வெள்ளையடிக்கிறவர். வேலை இருக்கிற நாளில் ஊரார் சுவர், இல்லாத நாளில் எங்கள் வீட்டுச் சோறு. பொங்கலுக்கு அவரே வெள்ளையடித்த எங்கள் வரிசைச் சுவர்களில், சனிக்கிழமை முழுக்க நூல் பிடித்து, வாசல் நிலைக்கும் மேலே வண்டலையும் சாணியையும் குழைத்து ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே சேறு தெளித்தார். புளியமரக் கிளைகளில் வைக்கோலையும் கிழிந்த பாயையும் தொங்கவிட்டார். பார்த்தால் போன வாரம்தான் வெள்ளம் வடிந்த மாதிரி இருந்தது. அம்மன் கோயில் சுவரையும் விடமாட்டேன் என்று அவர் கிளம்பியபோது அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். அதனால் அம்மன் மட்டும் நனையாமல் தப்பித்தாள்.

மறுநாள் கார் வந்தது. முதலாளி இறங்கிச் சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"தண்ணி இவ்வளவு தூரமா ஏறும்?"

"ஆமாங்க முதலாளி. போன தடவை எங்க அக்கா ஓட்டு மேல உக்காந்துதான் சோறு பொங்குச்சு" என்றார் மாமா.

அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று எண்ணினாரோ என்னவோ, முதலாளி பாவம் பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அப்பா பக்கோடாப் பொட்டலத்தோடு வந்தார். பெரிய பங்கு மாமாவுக்குப் போனது.

சுவரிலிருந்த கோட்டை அழித்துவிடச் சொல்லி அம்மா நச்சரித்தாள். இன்னும் எவனாவது வருவான், இருக்கட்டும் என்று மாமா தள்ளிப்போட்டார். தன் கைவேலையை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

சில வாரம் கழித்து வீட்டுக்கு அளவெடுக்க ஓர் அதிகாரி வந்தார். அம்மா மோர் கலக்கிக் கொண்டுவந்தாள். அவரோ அளவுச் சங்கிலியைப் பிரிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் வருஷா வருஷம் வெள்ளத்தில் தவிப்பதை முதலாளி ஆபீசுக்கே வந்து சொல்லி வருத்தப்பட்டார் என்றார். மாமாவின் முகம் செத்துப்போனது.

"வெள்ளம் கிள்ளம் ஒண்ணும் இல்லைங்க சார். அது நான் போட்ட கோடு. இப்பவே அழிச்சுக் காட்டுறேன்."

அதிகாரி நல்ல மனிதர், அதுதான் தொல்லையாகிவிட்டது. மாமாவின் தோளில் கைவைத்து, "இடத்தை விட மனசு வராம இப்படிச் சொல்றீங்க. எனக்குப் புரியுதுப்பா" என்றார். மாமா ஈரத்துணியால் சுவரைத் தேய்த்தார். சேறு என்றால் அழியத்தானே செய்யும் என்றார் அதிகாரி. கல்யாணமாகி வந்த நாளாகத் தண்ணீர் எங்கள் வாசல் ஏறியதே இல்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். ஆனால் அவள் ஓட்டின்மேல் உட்கார்ந்து சோறு பொங்கிய கதை அதற்கு முன்பே அவர் காதுக்கு எட்டியிருந்தது.

முதலாளி நிஜமாகவே ஏமாந்தாரா, ஏமாந்ததுபோல் நடித்தாரா என்று எங்கள் வீட்டில் பல வருஷம் பேச்சு நடந்தது. ஏழைகளை ஆபத்தான இடத்தில் குடிவைக்கக் கூடாது என்று ஆபீசில் முடிவாகிவிட்டது. அதே இடத்தில் லாட்ஜ் வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கி, முதலாளி அங்கே மாடி எழுப்பினார்.

எங்களுக்கு ஊருக்குத் தெற்கே, புதுக்கோட்டை ரோட்டுப் பக்கம், பொட்டலில் வீடு கிடைத்தது. சொன்னபடி காரை வீடுதான். அடுப்படிக்கு ஜன்னலும் இருந்தது. திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கிணற்றுத் தண்ணீர் கரித்தது, பருப்பு வேகாது. குளித்துவிட்டு வந்தும் அம்மா குளிக்காதவள் போலவே இருந்தாள். எனக்கோ அந்த வீடு பிடித்துப்போயிற்று. சிமென்ட் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆட எவ்வளவு வசதி.

குடிபோனபின் முதல் ஆடிப்பெருக்கு வந்தது. அதுவரை டவுனிலிருந்து தூக்குச்சட்டிகளோடு எங்கள் வாசல் வழியாக ஆற்றுக்கு வருகிறவர்களை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். இப்போது நாங்களே நல்ல துணி உடுத்தி, புளிச்சோறு கட்டிக்கொண்டு, டவுன் பஸ் ஏறி ஆற்றுக்குப் போகிறவர்களாகிவிட்டோம். குடும்பம் ஒருபடி உயர்ந்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. மாமாவும் வந்தார். ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

எங்கே போகணும் என்று கண்டக்டர் அம்மாவைக் கேட்டார்.

"வீட்டுக்குங்க" என்றாள் அம்மா.

கண்டக்டர் சிரித்துவிட்டார். "எல்லாரும் வீட்டுக்குத்தாம்மா போறாங்க. ஸ்டாப் பேரைச் சொல்லுங்க."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சற்று முன்புதான் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பியவள் இப்படி உளறுகிறாளே என்று எனக்கு ஒரே வேடிக்கையாக இருந்தது. கடைசியில் மாமாதான் ஓடத்துறைக்கு டிக்கெட் கேட்டார். அந்த வேடிக்கைக்கு அவர் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.