மாஸ்டரின் கோரைப்பாய்

இன்னொருவருக்குச் சேர வேண்டிய கோரைப்பாயில் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். தெரிந்தேதான் செய்தேன். எங்கள் ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தை விட்டு மெல்பர்னில் மகன் வீட்டுக்கு வந்தபோது அதைச் சுருட்டிக்கொண்டும் வந்துவிட்டேன். விமான நிலையத்தில் புல் பூண்டு எதையும் எளிதில் விடமாட்டார்கள். "என் குரு எனக்குத் தந்தது" என்று அதிகாரியிடம் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன். அவர் பூச்சி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பொய் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அவரிடம் இல்லை.

இந்த ஊரில் சூரியன் வடக்கு ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. தெற்கு வெயிலில் காய்ந்த உடம்புக்கு அது இன்னும் பிடிபடவில்லை. அந்த ஜன்னலடியில் பாயை விரித்தே வைத்திருந்தேன்.

பக்கத்துச் சமூகக் கூடத்தில் ஜெசிகா என்ற இளம்பெண் யோகா வகுப்பு நடத்துகிறாள். நான் இந்தியன் என்பதால் முதல் வரிசையில் நிறுத்திவிட்டாள். எனக்கு மூட்டுவலி. தரையிலிருந்து எழும்போது இடது முட்டியில் உள்ளங்கையை ஊன்றி, பெருமூச்சு விட்டுத்தான் எழுவேன். மறுவாரம் பதினான்கு பேரும் இடது முட்டியில் கையூன்றி, பெருமூச்சு விட்டு எழுந்தார்கள்! "இது வெறும் முட்டிவலி" என்று ஜெசிகாவிடம் சொன்னேன். "எவ்வளவு பணிவு!" என்று கைகூப்பினாள். சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து பாயைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

அணுபுரத்தில் எங்கள் காலை யோகா வகுப்பை நடத்தியவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். எல்லோரும் ரப்பர் பாய் விரிப்போம். நடத்துபவருக்கு மட்டும் அந்தக் கோரைப்பாய். முதுமையில் அவர் செங்கல்பட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். காரில் கொண்டுபோய் விட்டவன் நான். இறங்கும்போது பாயை என்னிடம் நீட்டி, "கஸ்தூரிகிட்ட குடுத்துடு. இனிமே அவதான் நடத்தணும்" என்றார். கஸ்தூரி எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. அவளைப் போல உடம்பை வளைக்கத் தெரிந்தவர்கள் எங்களில் எவரும் இல்லை.

நான் ஓய்வுபெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. முன்போல என்னைக் கண்டால் யாரும் எழுந்து நிற்பதில்லை. மறுநாள் பாயை விரித்து நானே உட்கார்ந்தேன். இருபது பேர் எதிரே நின்றார்கள். "மாஸ்டர் என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலியா சார்?" என்று கஸ்தூரி கேட்டாள். "இல்லையே" என்றேன். மாஸ்டரிடம், அவளே வேண்டாம் என்றுவிட்டதாகச் சொன்னேன். ஒரு வாரத்தில் அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஜெசிகா கைகூப்பிய அன்றே கஸ்தூரியின் எண்ணைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இன்னா சார் சொல்ற? அந்த மன்சன ஒரு தபா போய்ப் பாக்கக்கூட இல்ல நானு. என்ன மறந்துட்டாருன்னு மூஞ்சத் திருப்பிகினு இருந்தேன்."

"மன்னிச்சிடும்மா."

"அத்த அப்பறம் பாக்கலாம். மொதல்ல அவருகிட்ட சொல்லு. நான் போய் நின்னா, வேணாம்னவ இப்ப இன்னாத்துக்கு வந்தேன்னு கேப்பாரு."

மாஸ்டருக்கு எண்பத்தாறு வயது. போனில் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "பாய் எங்க?" என்றார்.

"மெல்பர்ன்ல."

"குனிஞ்சு கால் விரலத் தொட வராது. பாயை மட்டும் கடல் தாண்டித் தூக்கினு போயிட்டியா?" என்று போனை வைத்துவிட்டார்.

பாயைக் கஸ்தூரிக்குப் பார்சலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துக் கஸ்தூரியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அணுபுரத்துக் கூடம். ஓரத்தில் நாற்காலியில் மாஸ்டர், கோரைப்பாயில் கஸ்தூரி. எதிரே என் பழைய சகாக்கள் இடது முட்டியில் கையூன்றி, பெருமூச்சோடு எழுகிறார்கள்.

"பாத்தியா சார், நீ வுட்டுட்டுப் போன சொத்து? எத்தினி தபா சொன்னாலும் ஒருத்தரும் வுட மாட்றாங்க. சாருதான் கத்துக்குடுத்தாருன்றாங்க!"

மாஸ்டர் சிரிப்பது கேட்கிறது. அவள் சிரிக்கவில்லை. மன்னிப்பைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வடக்கு வெயிலில் எங்கள் மரத்தரை வெளுத்துவிட்டது. பாய் கிடந்த இடம் மட்டும் பழைய நிறத்தில், பாயின் அளவிலேயே இருக்கிறது. தினமும் காலையில் அதற்குள் உட்கார்ந்துகொள்கிறேன். எழும்போது கை தானாக முட்டிக்குப் போகிறது.