மஞ்சள் போடாத சோறு

எழுபத்தெட்டாம் வருசம் ஐப்பசி மாசத்தில் என் மத்தியானச் சோற்றுக்குத் தடை போட்டார்கள். நான் திருடிய சோறு இல்லை, கடன் வாங்கிய சோறு இல்லை. என் வீட்டு அடுப்பில் நானே பொங்கி, நானே கட்டிக்கொண்டு போன சோறு.

ஆரணியில் ராமதாஸ் முதலாளியின் கூடத்தில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் பட்டு நூல் சுற்றினோம். சாயக்காரரிடமிருந்து நூல் சிட்டம் சிட்டமாக, வளையம் வளையமாகச் சுருட்டிக் கயிற்றால் கட்டி வரும். அந்தக் கட்டை அவிழ்த்து, ராட்டினத்தில் மாட்டி, தறிக்காரர்களுக்குக் கண்டு கண்டாகச் சுற்றித் தர வேண்டும். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்போம். என் வீடு களம்பூர் ரோட்டில் மூன்று மைல் தள்ளி. மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு வருவதற்கு எனக்கு இறக்கை இல்லை.

என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார், வாரமெல்லாம் அங்கேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை வரும்போது மில்லில் மலிவாகக் கிடைக்கிற நொய்யரிசி ஒரு பை கொண்டு வருவார். அந்த நொய்யும், வீட்டில் இருக்கிற கேழ்வரகு மாவும், காட்டில் விளைந்த வேர்க்கடலையும்தான் எங்கள் பிழைப்பு. மூன்று பிள்ளைகள்.

முதலில் வந்தது பாதித் தடை. சுற்ற எடுத்த வெள்ளை நூலில் ஒரு நாள் மஞ்சள் கறை இருந்தது. குழம்புச் சோறு தின்ற கை பட்டுவிட்டது, இனிமேல் குழம்பு கொண்டு வரக்கூடாது என்று முதலாளி சொன்னார். நான் மறுபேச்சு பேசவில்லை. பட்டு ஊரான் பொருள். கறை பட்டால் ஒரு கல்யாணச் சேலையே கெட்டுவிடும். அது நியாயம்.

அதனால் மஞ்சளும் எண்ணெயும் இல்லாமல் சமைக்க ஆரம்பித்தேன். ஏழைக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நொய்யைக் குழைய வேக வைத்து மோர் ஊற்றிப் பிசைந்து, இரண்டு மோர் மிளகாயை எண்ணெய் இல்லாமல் சட்டியிலேயே வறுத்துப் போட்டுக்கொள்வேன். வேர்க்கடலையை வறுத்துத் தோல் புடைத்து, புளியும் காய்ந்த மிளகாயும் உப்பும் வைத்து அம்மியில் தண்ணீர் தெளிக்காமல் அரைத்தால் அந்தத் துவையல் சாயங்காலம் வரைக்கும் கெடாது. முருங்கைக் கீரை கிடைத்த அன்றைக்குக் கேழ்வரகு மாவில் பிசைந்து அடை. எண்ணெய் ஊற்றாத அடை சீக்கிரம் காய்ந்துபோகும் என்பார்கள். மாவைச் சுடுதண்ணீரில் பிசைந்து, சுட்டதும் ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், மத்தியானமும் மெத்தென்று இருக்கும். கொள்ளு வேக வைத்த அன்று தண்ணீரை இரவு ரசத்துக்கு வடித்துவிட்டு, கொள்ளை மட்டும் உப்புப் போட்டுக் கட்டிக்கொள்வேன். தின்று முடித்ததும் எல்லாரும் அரப்புப் போட்டுக் கை கழுவுவோம்.

கூடத்தில் சின்னக்கண்ணு என்று ஒருத்தி இருந்தாள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. என் தூக்குவாளியை எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, புருசன் உசுரோட இருக்கசொல்லவே வெள்ளச் சோறு கட்டிக்கினு வர்ற?" என்றாள்.

"அவரு தூக்கியாந்த நொய்யிதான்டி இது. உசுரோட இருக்கறதாலதான் வருது" என்றேன். அவளே அடுத்த வாரம் வேர்க்கடலைத் துவையலுக்குப் பக்குவம் கேட்டாள்.

இப்படி ஒரு மாசம் கூடத்தில் மஞ்சளே இல்லை. அப்படியும் மறுபடி வெள்ளை நூலில் கறை. அன்றைக்குக் கூடத்தின் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். எனக்கு எழுத்து தெரியாது. பக்கத்து ராட்டினத்துக் கனகவதிக்குத் தெரியும். அவள் படித்துவிட்டு முகம் வெளுத்து நின்றாள். என்னவென்று அவளிடம் நான் கேட்கவில்லை. முதலாளியிடம் போனேன். எழுதினவர் வாயாலேயே சொல்லட்டும் என்று இருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க முதலாளி. இன்னா எழுதியிருக்கீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இனிமே வூட்டுச் சோறு உள்ள வரக்கூடாது. பக்கத்துல மெஸ் இருக்குது, அங்க துன்னுங்க."

அந்த மெஸ் அவருடைய மச்சான் பொன்னுசாமியுடையது. தீபாவளிக்கு முன்னால்தான் திறந்தார்கள், ஆள் வராமல் இலை காய்ந்துகொண்டிருந்தது. சாப்பாடு ஒன்றேமுக்கால் ரூபாய். என் ஒரு நாள் கூலி நாலு ரூபாய். மூன்று பிள்ளைகளின் ராத்திரிச் சோற்றை நான் ஒருத்தி மத்தியானமே உட்கார்ந்து தின்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அந்தத் தாள் சொன்னது.

கனகவதிக்கு வேறு கஷ்டம். அவள் நயினார் வீட்டுப் பெண், சமணர்கள். வெங்காயம், பூண்டு, மண்ணுக்குள் விளைகிற கிழங்கு எதுவும் தொடமாட்டாள். வெங்காயம் போடாத சாம்பார் எந்த மெஸ்ஸில் கொதிக்கும்? பொழுது சாய்ந்த பிறகும் தின்னமாட்டாள், அதனால் மத்தியானம் விட்டால் அவளுக்கு மறுநாள் காலைதான். வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்தி.

"நீ நிக்காத. நாளைக்கும் உன் தூக்க எடுத்துக்கினு வா" என்றேன்.

மறுநாள் மணி அடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் தூக்கோடு வெளியே போய், கூடத்துக்கு எதிரே இருந்த புங்க மரத்தடியில் உட்கார்ந்து திறந்தோம். போகிற வருகிற தறிக்காரர்கள் எல்லாரும் நின்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் நான் சொன்னேன். குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மேஸ்திரி தசரதன் வந்தார். நல்ல மனுசன், அனுப்பினால் வந்துதானே ஆக வேண்டும்.

"தெருவுல ஒக்காந்து துன்னாதம்மா. முதலாளிக்குப் பேஜாரா இருக்குது."

"கூடம் அவருது, அதனால வெளிய வந்துட்டோம். தெரு அவருது இல்லிங்களே" என்றேன். தசரதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

முதலாளியின் வீடு கூடத்தை ஒட்டியே இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்தால் முன் அறை நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை அன்று முதலாளியின் அம்மா பொன்னம்மாள் பூஜை செய்துகொண்டிருந்தார். புதிதாக வந்த பொதியிலிருந்து மேல் சிட்டத்தை எடுத்துத் தட்டில் வைத்து, மஞ்சளைக் குழைத்து அதன் கட்டுக் கயிற்றில் தடவி, குங்குமம் வைத்து, மறுபடி பொதியிலேயே வைத்துக் கட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் நடக்கிறதுதான். அந்தச் சிட்டம் கூடத்துக்கு வந்ததும் நாங்களும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ராட்டினத்தில் மாட்டுவோம். ஆனால் அன்றைக்கு அந்தம்மாவின் விரலிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தேன். வாயில் வைத்த அடையை மெல்ல மறந்துவிட்டேன்.

அதுவரை எங்கள் கூடத்துக்கு வந்ததெல்லாம் அரக்கு, பச்சை, மாம்பழ நிறம். அதில் மஞ்சள் பட்டாலும் தெரியாது. அந்த வருசம்தான் வெள்ளை உடல் சேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. அதிலும் ஐப்பசி மழை, எதுவும் காயவில்லை. பன்னிரண்டு பெண்கள், ஒரு மேஸ்திரி, ஒரு முதலாளி, யாருக்கும் இது தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? சாமிக்கு வைத்த மஞ்சளைக் கறை என்று நினைக்க எங்கள் யாருக்கும் மனசு வராது. சோற்றைத்தான் சந்தேகப்படத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை பொதி கூடத்துக்கு வந்ததும் நான் எழுந்து நின்றேன். எங்களில் ஒருத்தியும் அதைத் தொடவில்லை என்பதை எல்லாரையும் பார்க்கச் சொன்னேன்.

"இந்த மேல் சிட்டத்துக் கட்ட நீங்களே அறுங்க முதலாளி. எங்க கை படாம அறுங்க."

"எதுக்கு?"

"அறுத்துப் பாருங்க, தெரியும்."

அவர் அறுத்தார். கயிறு இருந்த இடத்தில், வெள்ளை நூலைச் சுற்றி விரல் அகலத்துக்கு மஞ்சள். வீட்டு வாசற்படியில் நின்றிருந்த பொன்னம்மாள் அதைப் பார்த்துவிட்டு மகனிடம், "மஞ்சளு எப்டிடா கறையாவும்?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அந்தம்மாவை நாலு பேர் முன்னால் குற்றவாளியாக்குவது என் வேலை இல்லை.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீ உள்ளேயே உட்கார்ந்து தின்றுகொள், பேச்சை இதோடு விடு என்றார். மற்றவர்களுக்கு என்று கேட்டேன். அவர்களுக்குத்தான் மெஸ் இருக்கிறதே என்றார். கறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகும் மெஸ்தான்.

"எனக்கு மட்டும்னா வேணாங்க. தெருவுல காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உள்ளே எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. வேலைக்கு வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நொய்ப் பையை இறக்கி வைத்துவிட்டு, "அவன் நிறுத்தினா செய்யாறு பக்கம் பாத்துக்கலாம். நீ போய் ஒக்காரு" என்றார். அதற்குமேல் அவர் பேசுகிற ஆள் இல்லை.

திங்கட்கிழமை மரத்தடியில் நாங்கள் ஐந்து பேர். சின்னக்கண்ணு முதல் ஆளாக வந்து, நல்ல நிழலை அவளே பிடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பேரும் வந்துவிட்டோம். தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கனகவதி கொண்டுவந்த பச்சைப்பயறு சுண்டல் கைமாறிக் கைமாறி அவளுக்கே மிஞ்சவில்லை. மாட்டு வண்டிக்காரர் ஒருவர் வழி கேட்டுக் கத்தினார். நாங்கள் காலை மடக்கிக்கொண்டோம், எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை மணி அடித்ததும் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம். முதலாளி கதவருகே நின்றிருந்தார். கதவில் தாள் இல்லை, ஒட்டின பசை மட்டும் இருந்தது. தவறு தன் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

"எல்லாரும் உள்ளயே துன்னுங்க. பத்து நிமிசத்துல ஜல்தியா முடிச்சிக்கினு ராட்டினத்துக்கு வரணும்" என்றார்.

மற்றவர்கள் உள்ளே திரும்பினார்கள். நான் அவர் எதிரிலேயே தூக்கைத் திறந்து காட்டினேன்.

"களியா இருந்தா முழுங்கிட்டு வந்துடுவேங்க முதலாளி. இது அடை. மெல்லணும். அரை மணி ஆவும்."

அவர் நகர்ந்து வழி விட்டார். கனகவதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அரை மணி நேரம் மென்றேன்.