சூடே ஆகாத போன்

என் அக்காவின் கணவர் போன் வாங்குவதில்லை, பிடிப்பார். "நேத்து ஒண்ணு புடிச்சேன்" என்று, ஏதோ காட்டில் வலை விரித்துவிட்டு வந்தவர் போலச் சொல்வார். பார்சல் கம்பெனியில் பில் போடுகிற வேலை. உபதொழில், பழைய போனை வாங்கி விற்பது. அதில் மிச்சம் பிடித்துத்தான் குடும்பம் நிமிரப் போகிறது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறார். குடும்பம் இன்னும் குனிந்தே கிடக்கிறது.

அவர் வீட்டில் போன் திரைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்கக் கூடாது. உரித்தால் விலை போய்விடுமாம். அக்கா போனில் எல்லோர் முகத்தையும் மங்கலாகவே பார்த்துப் பழகிவிட்டாள். ஒரு போன் அவள் கைக்குப் பழகுவதற்குள் அதை வாங்க ஆள் வந்துவிடும். அத்தான் சிம்மைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

போன வருடம் ஒரு போன் மாட்டியது. சூடானால் மைக் செத்துவிடும். நாம் பேசுவது எதிர்முனையில் கேட்காது. அத்தான் அசரவில்லை. மூலையில் உடைந்திருந்த இடத்தில் அக்காவின் நகப்பூச்சைத் தடவினார். வாங்குகிறவர் வரும்வரை ஒரு பையில் சுற்றி, பிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வந்தவர் பேசிப் பார்த்தார். கணீரென்று கேட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க அத்தான் காலரைத் தூக்கிவிட்டபடி திரிந்தார்.

போன மாதம் அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலைக்கு எழுதிப் போட்டாள். போனிலேயே நேர்காணல். மகளுக்குச் செருப்பு கேட்டால்கூட அத்தான் "ஒண்ணு வித்ததும் தரேன்" என்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். முந்தின நாள்தான் அத்தான் நன்றாக இருந்த போனை விற்றுவிட்டு, கறுப்பு உறை போட்ட ஒன்றைக் கொண்டுவந்தார்.

"வாங்கும்போது கையில ஜில்லுனு இருந்துச்சு. சூடே ஆகாத போன்! வித்தவன் ஏமாளி."

"நாளைக்கு இன்டர்வியூங்க. நான் பேசுறது கேக்குமா?"

"என்னையே சந்தேகப்படுறியா?"

மறுநாள் நான் போனபோது அக்காவின் தலை பிரிட்ஜுக்குள் இருந்தது. தக்காளிக்கும் முட்டைக்கும் நடுவே, பற்கள் தந்தியடிக்க, "நோயாளிங்ககிட்ட பொறுமையா பேசுவேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்து வெளியே வந்ததும் போனை என்னிடம் நீட்டினாள். "ரெண்டாவது கேள்வியிலயே, கேக்கலையேம்மான்னாங்க. கை சுட்டுச்சு. உறையைக் கழட்டினேன். பாருடி, என் நகப்பூச்சு."

சிரித்தேன். உடனே அழுகையும் வந்தது, அந்த மனிதர்மேல் கோபமும் வந்தது.

வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னோம். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

"அதே போனா? அப்போ வித்ததைவிடக் கம்மிக்குத்தான் வாங்கியிருக்கேன். லாபம்தான்!"

அக்கா சிம்மைக் கழற்றிக்கொண்டு போனை அவர்முன் வைத்தாள். "மறுபடியும் வித்துடுங்க. முதல் சம்பளத்துல கடையில போய் எனக்குப் புதுசு வாங்கிக்கிறேன். பிளாஸ்டிக் தாளை அங்கயே உரிச்சுப் போட்டுடுவேன்."

அத்தான் முகம் அப்போதுதான் வாடியது. "உரிச்சா விலை போயிடுமே!"

"அதுக்குத்தான்" என்றாள் அக்கா.