கம்ப்ரெஸர் பார்த்த வெள்ளைக்காரக் குடும்பம்

அவருக்குக் கம்ப்ரெஸர் என்று பெயர் வைத்தது மனைவியின் தம்பி. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர் என்பதால் மட்டும் இல்லை. திடீரென்று ஒரு உலுக்கு உலுக்கிக் கிளம்புவார், கொஞ்ச நேரம் ஓயாமல் இரைவார், பிறகு யாரும் கேட்காமலேயே தானாக நின்றுவிடுவார். நின்றால் மறுபடி எப்போது கிளம்புவார் என்பது அவருக்கே தெரியாது. முப்பது வருஷமாக ஊரில் உள்ள ஃப்ரிட்ஜ்களின் முதுகைத் திறந்து பார்த்தவர். வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் நிற்பார். சத்தத்தை வைத்தே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். மனுஷர்கள் விஷயத்தில்தான் அந்தக் காது கொஞ்சம் மந்தம்.

ஐந்து மாதமாக அவர் மகனோடு பேசுவதில்லை. மகன் இரண்டு வருஷம் அவரோடு கடையில் வேலை பார்த்தவன். ஒருநாள் ஒரு வீட்டில் இருபது வருஷத்துப் பழைய ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டு, "இன்னொரு தடவை கேஸ் ஏத்தினா அஞ்சு வருஷம் அசைக்க முடியாது" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் நின்ற மகன் வாயைத் திறந்தான். "வேண்டாம் சார். உள்ள குழாய் அரிச்சுப் போச்சு, கேஸ் நிக்காது. புதுசு வாங்கிடுங்க."

வாடிக்கையாளர் முன்னால்! அதோடு விட்டானா? அடுத்த மாதமே புது ஃப்ரிட்ஜ் விற்கிற பெரிய கடையில் போய்ச் சேர்ந்துகொண்டான். அதுவும் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும் பிரிவில். அப்பா உயிர் கொடுப்பதை எல்லாம் மகன் எடைக்குப் போடுகிற உத்தியோகம். கம்ப்ரெஸர் அன்றைக்கு ஒரு மணி நேரம் இரைந்தார். பிறகு நின்றவர்தான்.

அதிலிருந்து வீட்டில் எல்லாப் பேச்சும் அம்மா வழியாகத்தான். "உன் பையன்கிட்ட சொல்லு, குளிச்சா லைட்டை அணைச்சிட்டு வரணும்னு" என்பார். பையன் இரண்டடி தள்ளி நிற்பான். அவள் முகத்தை மாற்றாமல் திரும்பி, "டேய், லைட்டை அணைக்கணுமாம்" என்பாள். "ஹால்ல ஃபேனும்தான் சும்மா சுத்துதுன்னு சொல்லும்மா" என்று பதில் வரும். அதையும் ஒப்பிப்பாள். இந்தத் தபால் வேலைக்குச் சம்பளம் உண்டென்றால் அந்த அம்மாள் இந்நேரம் பென்ஷனே வாங்கியிருப்பாள்.

இந்த நிலைமையில் அவள் தங்கைக்கு முழங்காலில் ஆபரேஷன் வந்தது. பத்து நாள் கூட இருந்தாக வேண்டும். அதே சமயம் மகனுக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றலும் வந்தது. சனிக்கிழமை காலை ரயில்.

"அவன் ரயில் என் தங்கச்சி ஊர் வழியாத்தான் போகுது. நான் ஸ்டேஷன்ல பார்த்துக்குவேன்" என்றாள் பெட்டியைக் கட்டிக்கொண்டே. "நீங்க என்ன பண்ணப் போறீங்க? அதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடுங்க."

"பேச என்ன இருக்கு?"

இருந்தது. அது அவருக்கும் தெரியும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, வெளியே வரத்தான் வழி கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அடைத்த குழாயைத் திறப்பதுதான் மனுஷனுக்குத் தொழிலே.

திங்கட்கிழமை அவர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் ஒரு மேடம் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பார்க்கப் போனார். வேலை முடிந்து கை கழுவும்போது மேடம், "படம் எல்லாம் பார்ப்பீங்களா?" என்று கேட்டார்.

"பார்ப்பேன் மேடம், தூக்கம் வர்ற வரைக்கும்."

மேடம் அலமாரியிலிருந்து ஒரு டிவிடியை எடுத்துக் கொடுத்தார். அட்டையில் மழையில் நனைந்த செங்கல் வீடுகள் வரிசையாக நின்றன. முன்னால் நான்கு பேர், ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. "இங்கிலாந்துப் படம். ஒரு சாதாரணக் குடும்பம். பாட்டு கிடையாது, அடிதடி கிடையாது."

"அப்புறம் என்னதான் மேடம் இருக்கும்?"

"சமையலறை இருக்கும்" என்றார் மேடம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் அதை வாங்கிக்கொண்டார்.

மச்சினன் தூக்கிப்போட இருந்த டிவிடி பிளேயர் ஒன்றைப் பிடுங்கி வந்து உயிர் கொடுத்து வைத்திருந்தார். அன்று சாயங்காலம் அதில் வட்டைச் செருகினார். படம் ஓடுவதற்கு முன் திரையில் ஆங்கிலத்தில் ஏதேதோ கேள்விகள் வந்தன. கம்ப்ரெஸருக்கு ஃப்ரிட்ஜ் கையேடு படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் தெரியும். இருந்ததிலேயே நீளமான வரி எதுவோ அதுதான் முழுப்படமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு அதை அமுக்கினார். நீளமான வரி என்பது, படத்தை எடுத்தவரும் அம்மாவாக நடித்தவரும் படம் ஓட ஓட உட்கார்ந்து பேசிய விளக்கவுரை. வட்டில் கூடுதலாகச் சேர்த்திருந்த சமாச்சாரம்.

ஆக, படத்தில் அப்பா வாயசைத்தார், மகன் வாயசைத்தான். சத்தம் இல்லை. அவர்கள் பேசியது கீழே எழுத்தில் ஓடியது. காதில் விழுந்ததெல்லாம் ஒரு ஆணும் பெண்ணும் எங்கிருந்தோ சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்த பேச்சுத்தான். முகம் தெரியாத அந்த இரண்டு பேரும், கம்ப்ரெஸர் கண்ட வரையில், கடைசி வரைக்கும் திரையில் வரவே இல்லை. வேலை போன அப்பா சுவரில் தட்டை விட்டெறிந்தபோது அந்த ஆள் கெக்கெக்கே என்று சிரித்தான். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதபோது அந்தப் பெண், அன்றைக்குப் பயங்கரக் குளிர் என்று சொன்னாள்.

கம்ப்ரெஸர் பத்து நிமிஷம் முழித்தார். பிறகு அவருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இது மேல்வீட்டுக்காரர்கள்! கீழ்வீட்டில் நடக்கும் ரகளையை மேலே இருந்து பார்த்து வம்பளக்கிற ஜோடி. அடடா, என்ன யோசனை, என்ன யோசனை என்று அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தூக்கம் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் பார்த்தார். அதே நீளமான வரி.

புதன்கிழமை மேடமே ஃபோன் செய்து, படம் பார்த்தீர்களா என்று கேட்டார். மகன் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழட்டும் என்றே கம்ப்ரெஸர் குரலை உயர்த்தினார்.

"அருமை மேடம். ஒரு வீட்டுக்குள்ள இருக்கிறவங்க பேசுறது அடுத்தவனுக்குக் கேக்கிறதே இல்ல. எழுதிக் காட்டினாத்தான் உண்டு. ஆனா சம்பந்தமே இல்லாதவன் பேசுறது மட்டும் கணீர்னு கேக்குது பாருங்க. அந்த மேல்வீட்டுக்காரங்களை மூஞ்சியே காட்டாம விட்டான் பாருங்க, அங்கதான் நிக்கிறான்!"

மேடம் கையிலிருந்த கப்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் இந்தப் படத்தைப் பதினஞ்சு வருஷமா பாடமா நடத்துறேன். எனக்கு இது தோணவே இல்ல" என்றார். மேடம் பொய் சொல்லவில்லை. கம்ப்ரெஸருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தச் சமயம் பார்த்துச் சமையலறையில் பெரிய இருமல் கேட்டது. புகை போயிருக்கும் என்று நினைத்தார். அடுப்பை அவன் அதற்கு முன்பே அணைத்திருந்தான்.

மகன் பாடு திண்டாட்டம். அப்பா வேலைக்குப் போன நேரத்தில் அவனும் அந்தப் படத்தை ஒழுங்கான சத்தத்தோடு பார்த்திருந்தான். சொல்லலாம் என்றால் பேச்சுவார்த்தை இல்லை. சொல்லாமல் விட்டால் இந்த மனுஷர் ஊரெல்லாம் மேல்வீட்டுக்காரர் கதையைப் பரப்பிவிடுவார். வழக்கம்போலத் தபாலில் போட்டான். வியாழக்கிழமை அம்மாவிடமிருந்து கம்ப்ரெஸருக்கு ஃபோன் வந்தது.

"நீங்க ஏதோ படத்தைத் தப்பாப் பார்க்கிறீங்களாம். உங்க பையன் சொல்றான்."

"படத்தைத் தப்பாப் பார்க்க முடியுமா? கண்ணாலதான பார்க்கிறேன்?"

"எனக்கு என்ன தெரியும்? இங்க இவ முட்டி ஒரு பக்கம், அங்க நீங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம். நான் இந்தத் தபால் வேலையை விட்டாச்சு. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகனுடைய பெட்டி ஹாலில் தயாராக நின்றது. கம்ப்ரெஸர் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். வேறு எதைச் செய்வது என்று தெரியாமல்தான் படத்தைப் போட்டார். மேல்வீட்டுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். மகன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஐந்து மாதத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த அறையில் உட்கார்ந்தது அன்றுதான். பாதிப் படம் அப்படியே போயிற்று. படத்து மகன் வெளியூர் வேலைக்குக் கிளம்பும் காலை வந்தபோது, இவர் மகன் கையை நீட்டி, கேட்காமல் கொள்ளாமல் ரிமோட்டை எடுத்து ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினான்.

மேல்வீட்டுக்காரர்கள் காணாமல் போனார்கள். அந்த இடத்தில் ஒரு சத்தம் வந்தது. கம்ப்ரெஸர் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டார். ஃப்ரிட்ஜ்! திரையில் ஓரமாக நின்ற அந்தக் கிழட்டு ஃப்ரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் பார்த்தும் அதற்கு உயிர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தார். படத்து மேஜையில் அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். மகன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான், முடிந்த பிறகும் தடவிக்கொண்டிருந்தான். ஃப்ரிட்ஜ் மட்டும் இரைந்தது. பிறகு டக்கென்று ஒரு உதறல், அதுவும் நின்றது.

அப்படி ஒரு அமைதியை அவர் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. கேட்டிருக்கிறார், இந்த வீட்டிலேயே. படத்து அப்பா தலையைத் தூக்கி, "கெட்டிலில் டீ இருக்கு" என்றார். கம்ப்ரெஸர் எழுத்தில் இரண்டு முறை படித்த வரிதான். ஏதோ டீ இருக்கிறது போல என்று தாண்டிப் போயிருந்தார். இப்போது குரலோடு கேட்டது. அந்த ஆளுக்குத் தொண்டை அடைத்திருந்தது. மகன் டீயைக் குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"யோவ், அவன் டீயா கேட்டான்?" கம்ப்ரெஸர் டிவியைப் பார்த்துக் கத்தினார். "போகாதேன்னு சொல்லுய்யா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவர் சொல்ல மாட்டார்ப்பா" என்றான் மகன். "நான் கடைசி வரைக்கும் பார்த்துட்டேன். அவர் சொல்லவே மாட்டார்."

திரையில் கதவு சாத்திக்கொண்டது. கம்ப்ரெஸர் நாற்காலியில் நெளிந்தார்.

"அந்த மேல்வீட்டுக்காரங்களையாவது திரும்பப் போடுடா. இப்படி இருந்தா பார்க்க முடியல."

"அவங்க மேல்வீட்டுக்காரங்க இல்லப்பா. படம் எடுத்தவரும் அந்த அம்மாவா நடிச்சவங்களும். படம் எடுத்த கதையைப் பேசிட்டு இருக்காங்க."

"அப்ப மேடம்கிட்ட நான் சொன்னது?"

"அது உங்க சொந்தச் சரக்கு."

"ஏன்டா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் பேசலையே."

கம்ப்ரெஸர் ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, ரிமோட்டைப் பார்த்தே பேசினார். "அன்னைக்குப் பிரிச்சுப் போட்டோமே, அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் நீ சொன்ன மாதிரிதான். கேஸ் நிக்கல. மறு வாரமே கூப்பிட்டாங்க. நான் உன்கிட்ட சொல்லல." ரிமோட்டின் பாட்டரி மூடியைக் கழற்றி மாட்டினார். "உன்னை அனுப்ப எனக்கு இஷ்டமே இல்ல. அதுக்காக நீ நிக்க வேண்டாம், நல்ல வேலை, போ. ஆனா எனக்கு இஷ்டமில்லைங்கிறது தெரியாம நீ ரயில் ஏறக் கூடாது."

மகன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டான். "எனக்குத் தெரியாதுப்பா" என்றான். "நான் போனா உங்களுக்கு நிம்மதின்னு நினைச்சேன்."

அதன் பிறகு கம்ப்ரெஸர் கிளம்பியவர் நிற்கவில்லை. புதுக் கடையில் என்ன விற்கிறார்கள், எந்தக் கம்பெனிக் குழாய் தேறும், எது தேறாது, அந்த ஊர்த் தண்ணீர் எப்படி, யார் சமைக்கப் போகிறார்கள் என்று மூச்சுவிடாமல் கேட்டார். ஃபோன் அடித்தது. மனைவி.

"என்ன பண்றீங்க? அவன் என்ன பண்றான்?"

"பேசிட்டு இருக்கோம். நடுவுல வராதே. அப்புறம் கூப்பிடு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"என்ன, தங்கச்சிக்கு வலி ஜாஸ்தியா?" என்றார் கம்ப்ரெஸர்.

"ஆமா" என்றாள். "ஜாஸ்திதான். நீங்க பேசுங்க."