பெரிய பிக்கு கொடுத்த அன்னாசி

என் தங்கை தோங்யிப் இதுவரை வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எட்டு வயதில், தனியாளாக, ஒரு கொம்பன் யானையிடமிருந்து எங்கள் அப்பாவின் தோட்டத்தில் பதினேழு வரிசை அன்னாசி. பதினான்கு வயதிலும் இருபது வயதிலும் மலைக்காய்ச்சலிடமிருந்து தன் உயிர். குடித்துவிட்டு அடிக்க வந்த புருஷனிடமிருந்து அவன் கையில் இருந்த விறகுக்கட்டை. அதற்குப் பிறகு அவன் எங்கள் பக்கம் வரவில்லை. பிரச்சுவாப் நகரத்துக் குன்றின் படிக்கட்டில், ஒரு குரங்கிடமிருந்து பாங்காக் வக்கீல் ஒருவரின் மூக்குக்கண்ணாடி, கீறல்கூட இல்லாமல். யானை காட்டும் எங்கள் கிராமக் குழுவில் ஏழு ஆண்களும் இரண்டு பெண்களும் கை தூக்கிய கூட்டத்தில், ஐந்துக்கு நான்கு என்று, பொறுப்பாளர் சோதனைக்கு நிற்கும் உரிமை.

ஆறாவதாக ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நான் நான்காம் வகுப்பு வரை படித்தவள். யிப் இரண்டாம் வகுப்போடு நின்றாள். படிப்பு வராமல் இல்லை. தோட்டத்து ஓரத்தில் மூங்கில் பரண் கட்டி அதில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்ட அப்பாவுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்குத் தூக்கம் அதிகம், அவளுக்குக் காது கூர்மை. அதனால் அவள் பரணுக்குப் போனாள். குயி புரி காட்டிலிருந்து வரும் யானைகளை அங்கே உட்கார்ந்துதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். வால் முடி இல்லாதது, முன்கால் இழுத்து நடப்பது, இடக்காது கிழிந்த கொம்பன். எங்கள் ஊரில் காட்டுக்குள் அவற்றின் பெயரைச் சொல்லமாட்டோம், பெரியவங்க என்போம். கிழிந்த காதுக்காரர் கிழிகாதர்.

அந்தக் காலத்தில் யானைக்கும் எங்களுக்கும் பகை. பழத்தில் விஷம் வைத்தவர்களும் ஊரில் இருந்தார்கள். பிறகு காட்டை ஒட்டிய தோட்டங்கள் பின்வாங்கின, அங்கே புல் வளர்ந்தது, யானைகள் புல்லோடு நின்றன. இப்போது மதியத்துக்கு மேல் எங்கள் பிக்கப் வண்டிகளில் பெஞ்சு போட்டு வெளியூர்க்காரர்களை அந்தப் புல்வெளிக்குக் கூட்டிப்போகிறோம். ஒரே ஒரு விதியை மட்டும் யாரும் மீறக்கூடாது. காட்டு வாசலுக்கு உள்ளே அன்னாசி போகக்கூடாது. வண்டியில் அன்னாசி கிடைக்கும் என்று ஒரு யானை ஒருமுறை கற்றுக்கொண்டால் அடுத்த வண்டியை அது விடாது.

யிப் ஒன்பது வருடம் வண்டியின் பின்னால் நின்று யானையைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். வண்டி திரும்பி வந்ததும் பொறுப்பாளர் என்று வாசல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது எப்போதும் ஒரு ஆண். யிப்புக்குக் கையெழுத்து கிடையாது. கல்யாணப் பதிவு, நிலப் பத்திரம், அப்பாவின் தகனச் சீட்டு எல்லாவற்றிலும் கட்டைவிரல்தான். வாசல் புத்தகத்தில் கட்டைவிரல் செல்லாது.

அதனால் பதினோரு மாதம், சாயங்காலம் வண்டி வந்து நின்றதும், முன்மூடியில் படிந்த செம்மண் தூசியில் அவள் பெயரை நான் எழுதுவேன். பக்கத்திலேயே அவள் விரலால் எழுதுவாள். நான் துடைப்பேன். மறுபடி எழுதுவாள்.

"காகிதத்துல ஒரு தடவை போட்டுப் பாரேன்டி," என்பேன்.

"வேணாம்க்கா. காகிதத்துல முதல்ல போடறது வாசல் புத்தகத்துலதான். அதுவரைக்கும் தூசியே போதும்."

சோதனை என்பது ஒரு முழு நாள். தனியாக வண்டி அமர்த்தி வரும் விருந்தாளிகளைக் காலையிலிருந்து அவளே நடத்த வேண்டும்: கடற்கரைக் காட்சிமுனை, கோவில், மதியத்துக்கு மேல் யானை. வனக் காவல் தலைவர் புன்ரோட் கூடவே வருவார். தேறினால் காக்கி மேல்சட்டையும் எண்ணும். தவறினால் மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம். அப்போது யிப்புக்கு நாற்பத்தெட்டு ஆகியிருக்கும். நாற்பத்தைந்துக்கு மேல் புதுப் பொறுப்பாளர் கிடையாது. ஆக அந்த ஒரு நாள்தான்.

வண்டி என்னுடையது, ஓட்டுவதும் நான். ஒரு அட்டையில் இருபத்துமூன்று விஷயங்கள் எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். சக்கரக் காற்று, குடிநீர், ரேடியோ, தொலைநோக்கி இரண்டு, மழைத்தாள் ஆறு, கைவிளக்கு, சோற்றுக் கேரியர். ஒன்றும் விடவில்லை.

விருந்தாளிகள் பாங்காக்கிலிருந்து வந்த கணவன் மனைவி. ரச்சனீ அம்மா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் சுத்தின் ஐயா கழுத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு கேமரா. முதலில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு படி ஏறி மூன்று வளைகுடாக்களைப் பார்க்கும் குன்றுக்குப் போவதாகத் திட்டம். அம்மா காரிலிருந்து பக்கவாட்டில் இறங்கியதை யிப் பார்த்தாள்.

"அக்கா, வண்டியைச் சின்ன வளைகுடாவுக்கு விடு."

ஐயா விடவில்லை. "வழிகாட்டிப் புத்தகத்துல அந்தக் குன்றுதானே போட்டிருக்கு?"

"குன்று எங்கயும் போயிடாதுங்கய்யா. அம்மா முட்டிதான் போயிடும்."

"நாப்பது வருஷமா அந்த முட்டியைக் கேட்டுத்தான் நான் எங்கயுமே போறேன்," என்றார் ஐயா.

"கேட்டதனாலதான் இன்னும் சோறு கிடைக்குது," என்றார் அம்மா.

புன்ரோட் சிரிக்காமல் சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். வண்டி போகும் பாறை முனையில் கடலைப் பார்த்தார்கள். மீன்படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. ஐயா எழுபது படம் எடுத்தார், அதில் பாதியில் அம்மா கண்ணை மூடியிருந்தார்.

பதினோரு மணிக்கு முன்பே எங்கள் ஊர்க் கோவிலுக்கு வந்துவிட்டோம். பிக்குகளின் சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது என்று யிப் கணக்காக இருந்தாள். அம்மா சோறும் கானாங்கெளுத்தி வறுவலும் படைத்தார். தேக்கு மண்டபத்தில் புத்தர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தபோது யிப் எதுவும் கேட்காமல் கை கொடுத்தாள். "எங்க ரெண்டாவது பையன் போய் ஒரு வருஷம் ஆச்சும்மா," என்றார் அம்மா. யிப் தலையை மட்டும் ஆட்டினாள். அதன்பின் கோவிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா விரும்பிய நேரம் வரை மரநிழலில் நிறுத்திவைத்தாள்.

அந்த இடைவெளியில் பெரிய பிக்கு என்னைக் கூப்பிட்டார். எண்பத்துநான்கு வயது. சாப்பிட்டு மிஞ்சிய படையலிலிருந்து நல்ல பழுத்த அன்னாசி ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். பெண்ணின் கையில் நேராகத் தரமாட்டார் அல்லவா, நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு யிப்புக்குச் சோதனையாமே. நல்லது நடக்கும், போ."

அவர் மந்திரம் ஓதிக் கொடுத்த மஞ்சள் துணியில் அதைச் சுற்றி என் இருக்கைக்குப் பின்னால் வைத்தேன். நான் அன்னாசி விளைவித்தவள். அன்னாசியை வாசலில் இறக்கிவைக்கும்படி நூறு ஓட்டுநர்களுக்குச் சொன்னவள். ஆனால் அந்தத் துணியைச் சுற்றிய பிறகு அது எனக்குப் பழமாகவே தோன்றவில்லை. ஆசீர்வாதம். என் அட்டையில் ஆசீர்வாதத்துக்கு வரி இல்லை.

வாசலில் காவல் தெய்வத்தின் சிறு வீட்டுக்கு முன்னால் யிப் ஊதுபத்தி ஏற்றினாள். புன்ரோட் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வண்டியில அன்னாசி இருக்கா?"

யிப் என்னைப் பார்த்தாள். "அக்கா?"

"இல்ல," என்றேன். மனசார.

"இல்லைங்க தலைவரே," என்றாள் யிப்.

உள்ளே நான் மட்டும் முன்னால். யிப், புன்ரோட், விருந்தாளிகள் நால்வரும் பின்னால். முதல் மேட்டிலிருந்து ஒன்பது பெரியவங்க கொண்ட கூட்டம் தெரிந்தது. தூரத்தில், புல்லுக்கு மேல் முதுகுகள் மட்டும்.

"எறும்பு மாதிரி இருக்கே," என்றார் சுத்தின் ஐயா.

"அவங்களுக்கு நாமளும் அப்படித்தாங்கய்யா," என்றாள் யிப். பிறகு தொலைநோக்கியை அம்மாவிடம் கொடுத்து, கூட்டத்தின் நடுவில் இருந்த குட்டியைக் காட்டினாள். அம்மா தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

நாலரை மணிக்கு உப்பு மண் ஓடை ஓரம் நிறுத்தினோம். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாதை. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் முள். எதிரே புதரை விலக்கிக்கொண்டு கிழிகாதர் வந்தார். நாற்பது அடி தூரத்தில் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. தும்பிக்கை உயர்ந்தது, வளைந்தது, நேராக என் ஜன்னலைக் காட்டியது.

"ஏங்க, இது பக்கத்துல வருதே," என்றார் அம்மா. ஐயாவின் கேமரா சத்தம் நின்றுவிட்டது.

"எல்லாரும் குனிஞ்சு உக்காருங்க. பேசாதீங்க." யிப்பின் குரலில் பதற்றம் இல்லை. பிறகு என் தலைக்குப் பின்னால் இருந்த சிறு ஜன்னல் வழியாக, மெதுவாக, "அக்கா. வண்டியில என்ன வச்சிருக்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை தானாகப் பின்னால் போய் மஞ்சள் துணியை அவிழ்த்தது. வாசனை முகத்தில் அடித்தது. எறிந்துவிட்டால் அவர் அதன் பின்னால் போவார், நாங்கள் தப்பிப்போம். கையை ஓங்கினேன். பின் ஜன்னல் வழியாக நீண்ட யிப்பின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"போடாத."

"விடுடி, வந்துட்டார்!"

"ஒண்ணு போட்டா நாளைக்கு எல்லா வண்டியையும் நிறுத்துவார். அப்புறம் எவனாவது அவரைச் சுடுவான். துணியைச் சுத்தி மடியில வை. வண்டியைப் பின்னால எடு. நான் சொல்ற மாதிரி எடு."

சோற்றுக் கேரியரின் மூடி அவள் கையில் இருந்தது. வண்டியின் இரும்புக் கம்பியில் தட்டினாள். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. முப்பத்தேழு வருடத்துக்கு முன் பரணில் தட்டிய அதே தட்டு. எனக்குத் தூக்கத்தில் கேட்டுப் பழகியது.

"இடது... கொஞ்சம் வலது... நேரா. விடு, விடு."

கிழிகாதர் நின்றார். காதுகள் விரிந்தன. அவருக்கு ஞாபகம் வந்ததா, தகரச் சத்தம் பிடிக்கவில்லையா, எனக்குத் தெரியாது. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. இருநூறு அடி பின்னால் வந்தபோது அவர் திரும்பிப் புதருக்குள் போனார்.

வாசலுக்குத் திரும்பி இறங்கியதும் புன்ரோட் நெற்றியைத் துடைத்தார். "நல்லாக் கொண்டுவந்த. ஆனா அவர் இவ்வளவு பக்கத்துல வந்ததே இல்லியே. என்ன காரணமோ."

புன்ரோட் அன்னாசியைப் பார்க்கவில்லை! பின்னால் விருந்தாளிகளை மறைத்துக்கொண்டு யானையையே பார்த்திருந்தார், நாங்கள் ஜன்னலில் பேசியதும் அவர் காதில் விழவில்லை. நான் யிப்பின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இரு," என்றேன் வாய்க்குள். "சொன்னா எல்லாம் போச்சு."

யிப் முன்கதவைத் திறந்தாள். மஞ்சள் துணியை எடுத்துச் சாவடி மேசைமேல் அவிழ்த்து வைத்தாள்.

"வண்டியில அன்னாசி இருந்துச்சு தலைவரே. இல்லைன்னு நான் சொன்னது தப்பு."

புன்ரோட் அன்னாசியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெரிய பிக்கு குடுத்ததா?"

"வச்சது நான்தான்," என்றேன். அழுகை வந்துவிட்டது. "அவளுக்குத் தெரியவே தெரியாதுங்க. நான் எழுதித் தரேன். என் பேர்ல எழுதுங்க."

அவர் வாசல் புத்தகத்தை விரித்தார். சிவப்பு மையில் நிதானமாக எழுதினார்: 'வாகனத்தினுள் அன்னாசி ஒன்று. யானை அணுகியது. உணவு தரப்படவில்லை. காயம் இல்லை.' பிறகு கீழே ஒரு கோடு போட்டு, "பொறுப்பு யாரோ அவங்க போடட்டும்," என்று பேனாவை மேசை நடுவில் வைத்தார்.

நான் கையை நீட்டினேன். யிப் என் கையை ஒதுக்கினாள்.

"நீ ஓட்டுனவ. நான் கூட்டிட்டுப் போனவ. வாசல்ல பதில் சொன்னதும் நான்தான்."

"பைத்தியக்காரி, முதல் கையெழுத்துடி அது! பதினோரு மாசம் எதுக்கு எழுதின, இதுக்கா?"

"வாசல் புத்தகம்தானேக்கா. அதுலதானே போடறேன்னு சொன்னேன்."

பேனாவைத் தன் விரல்போலவே நீட்டிப் பிடித்து, தூசியில் எழுதும் அளவுக்கே பெரிதாக, மூன்று வரி இடத்தை எடுத்துக்கொண்டு எழுதினாள். ரச்சனீ அம்மா பின்னால் வந்து நின்று, எத்தனையோ பிள்ளைகளின் நோட்டைப் பார்த்த கண்ணால் அதைப் பார்த்தார். ஒன்றும் திருத்தவில்லை.

புன்ரோட் மை காயும்வரை ஊதினார். "இந்தப் புத்தகத்துல நல்ல நாளுக்குக் கையெழுத்துப் போட்டவங்க நிறைய. தப்புக்குத் தானா வந்து போட்டவங்க யாரும் இல்ல. இருபது நாள் உள்ள வரக்கூடாது, விதி அது. இருபத்தோராவது நாள் வா. மேல்சட்டையை எடுத்து வைக்கிறேன்." பிறகு என்னிடம், "நீங்க அந்த அட்டையில இருபத்துநாலாவது ஒண்ணு எழுதிக்கங்க," என்றார்.

எழுதிக்கொண்டேன். காக்கி மேல்சட்டையின் எண் முப்பத்தொன்று. தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்ததை நான்தான் பிடித்துத் தைத்தேன். அவள் வென்றவற்றில் ஆறாவது அது என்று ஊரில் சொல்வார்கள். என் கணக்கில் ஆறாவது, அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே இருக்கும் பெயர். அதன் பக்கத்தில் இருக்கும் தேதியை நானே போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்: புத்த ஆண்டு 2558, பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை.