கால்வாசி வேகம்

குரோனிங்கன் பல்கலைக்கழகத்து வேதியியல் கூடத்தில் ஹில்யே பதினெட்டு வருடமாகக் குடுவை கழுவினாள். அவள் கழுவிய கண்ணாடியில் அழுக்கு என்று எவனாவது சொன்னால், முதலில் அவன் கண்ணைத்தான் கழுவ வேண்டும். அப்படிச் சொன்னவர் டாக்டர் டோங்கென்ஸ். நிறையப் படித்தவர், சட்டைப் பொத்தானை மட்டும் ஒருநாளும் சரியாக மாட்டத் தெரியாது.

எஸ்டர் கரைசலையும் காரக் கரைசலையும் சம அளவு ஊற்றி, இரண்டும் எவ்வளவு வேகத்தில் வினைபுரிகின்றன என்று அளப்பது அவர் வேலை. கணக்குப்படி வரவேண்டிய வேகத்தில் கால்வாசிதான் வந்தது. நாலு நாளும் அதே கால்வாசி.

"குடுவையில சோப்பு ஒட்டியிருக்கு, ஹில்யே. பேராசிரியர்கிட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமையோட நீங்க நின்னுக்கலாம்."

"நாலு நாளும் ஒரே அளவு சோப்பு விட்டேனா? அவ்வளவு கச்சிதம் எனக்கு இருந்தா உங்க நாற்காலியில நானில்ல உட்கார்ந்திருப்பேன், டாக்டர் தம்பி. கணக்குல என்ன செறிவு போட்டீங்க?"

"பாட்டில்ல எழுதியிருக்கறதைத்தான்."

"சரி. உறைஞ்ச வாய்க்கால் ஒண்ணுல பையனுங்க மட்டும் சறுக்கறாங்க. பக்கத்து வாய்க்கால்ல பொண்ணுங்க மட்டும். நடுக்கரையை எடுத்துட்டா?"

"மோதிக்குவாங்க."

"மோதுவாங்க. ஆனா இப்போ ரெண்டு கூட்டத்துக்கும் இடம் ரெட்டிப்பாச்சே. பையனுங்க நெரிசல் பாதி, பொண்ணுங்க நெரிசல் பாதி. பாதியில பாதி எவ்வளவு?"

டோங்கென்ஸ் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"ரெண்டு கரைசலையும் ஒண்ணா ஊத்திட்டு, கரையை எடுக்கறதுக்கு முன்னாடி இருந்த நெரிசலைக் கணக்குல போட்டிருக்கீங்க. அதோட, மோதினவங்க எல்லாம் ஜோடி சேர்ந்துடறதில்ல. லேசா உரசினவன் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுவான். வேகமா, முகத்துக்கு முகம் மோதணும். எங்க வீட்டுக்காரர் முதல்ல முதுகுல மோதினார். கல்யாணம் ஒரு குளிர்காலம் தள்ளிப்போச்சு."

அவர் இரண்டு செறிவையும் பாதியாக்கி மறுபடி போட்டுப் பார்த்தார். கணக்கு அப்படியே வந்து உட்கார்ந்தது.

"சரியா வருது. நீங்க வேலையைப் பாருங்க, ஹில்யே."

அவ்வளவுதான் சொன்னார். அவள் ஏப்ரனை அவிழ்த்து அவர் நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"சோப்புன்னு சொன்ன அதே வாயால, சோப்பு இல்லைன்னு பேராசிரியர்கிட்ட சொல்லிட்டு வாங்க."

"நாளைக்குச் சொல்றேனே."

"அப்போ அழுக்குக் குடுவையும் நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும்."

போனார். தாழ்வாரக் கோடியிலிருந்து பேராசிரியரின் சிரிப்பு நெடுநேரம் கேட்டது. டோங்கென்ஸ் காது சிவக்கத் திரும்பி வந்தார். ஹில்யே ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை, அவர் சட்டைப் பொத்தானையும் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டுத்தான் குழாயைத் திறந்தாள்.