ஒரு சந்தனப் பொட்டும் கெட்டில் ஆவியும்

'டப்' என்று ஒரு சத்தம். கவுண்டர் மெஷினின் முள் துள்ளி எழுந்து பூஜ்யத்தில் படுத்துவிட்டது. டில்லியிலிருந்து வந்திருந்த கமிட்டித் தலைவர், "கியா ஹுவா, டாக்டர் சாப்?" என்றார்.

டாக்டர் சாப் என்பது எங்கள் ஞானமுத்து சார். திருநெல்வேலிக்காரர். இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கே கிடைத்த வேலையை விட்டுவிட்டு, அறுபதுகளில் பம்பாய் செம்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர். கதிர்வீச்சை அளக்கும் கவுண்டரை இங்கேயே செய்யலாம் என்று இறங்கினார். பாதிச் சாமான் பழைய பொருள் விற்கும் சோர் பஜாரில் வாங்கியது. பழைய ராணுவ ரேடியோவைக் கண்டால் பிரியாணியைக் கண்டதுபோல் நின்றுவிடுவார். கமிட்டிக்குப் பிடித்தால் நாடு முழுக்க எங்கள் கவுண்டர், இல்லாவிட்டால் இறக்குமதி.

முந்தின நாள் ஆயுத பூஜை. மாட்டுங்காவில் குடியிருந்த தமிழர்களான எங்கள் ஏற்பாடு. சார் கிறிஸ்தவர். "நல்லா கும்பிடுங்கடே. பொரிகடலைல எனக்கும் பங்கு உண்டும்லா" என்றவர், கவுண்டரின் ஹை வோல்டேஜ் பெட்டியைக் காட்டி, "இதுக்கு மட்டும் பொட்டு கிட்டு வச்சிராதிய, கோவிச்சுக்கும்" என்றார்.

கமிட்டி வரும் காலையில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எல்லா மெஷினுக்கும் பொட்டு இருக்கிறது, பாஸாக வேண்டிய மெஷினுக்கு இல்லையே! மிஞ்சிய சந்தனத்தைக் குழைத்து, பெட்டியின் பீங்கான் இன்சுலேட்டரில், பின்பக்கமாக ஒன்று வைத்தேன். நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். ஈரச் சந்தனத்தில் மின்சாரம் ஓடுமா என்று பரீட்சையில் யாரும் கேட்டதில்லை.

கமிட்டி டீ குடித்துவிட்டுக் கிளம்பியது. நான் கைக்குட்டையால் பொட்டைத் துடைத்தேன். மதியம் ஃபியூஸ் மாற்றிப் போட்டால் மெஷின் ஒழுங்காக ஓடியது; முள் சரியான அளவில் ஆடாமல் நின்றது.

இறக்குமதி என்று முடிவானது. சாருக்கு அதைவிடக் காரணம் தெரியாததுதான் வருத்தம். "பம்பாய் ஈரக் காத்துதான்டே" என்று, அந்தப் பழுது திரும்ப வருகிறதா பார்க்க, கெட்டிலைக் கொதிக்க வைத்து இன்சுலேட்டருக்கு ஆவி காட்டினார். கெட்டிலைப் பிடித்தவன் நான்.

"இட்லி ஊத்தியிருந்தா வெந்திருக்கும். இது அசைய மாட்டேங்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

"அன்னைக்குப் புதுசா ஏதும் இருந்துச்சாடே? யோசிச்சுச் சொல்லு."

"ஒண்ணும் இல்லே, சார்."

ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் கெட்டில் வெளியே வந்தது. சார் கடைசிவரை பம்பாய்க் காற்றையே சந்தேகித்துப் போய்ச் சேர்ந்தார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களே, மெஷினைக் கெடுத்தால் திட்டு விழும்; வாங்கிக்கொள்ளுங்கள். நான் மெஷினைக் கெடுத்தது ஒரே ஒரு காலை. "ஒண்ணும் இல்லே, சார்" என்ற என் பொய் ரீடிங்கைத்தான் அந்த மனிதர் ஆயுள் முழுக்க நம்பினார்.